அறுநூறு ஒலிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்



"எனக்கு ஒரு கீபோர்டு வேண்டும்" என்று வீட்டில் கேட்காத இசைப் பிரியை நம் பள்ளியில் இருக்க முடியாது. நானும் கேட்டேன், பெற்றும் விட்டேன். ஆனால் அது என் கைக்கு வருவதற்கு முன் நான் செய்த தவறு ஒன்று உண்டு. கீபோர்டு, கணினி, மென்பொருள் என்று இனி வாங்கப் போகும் தங்கைகளுக்கு உதவுமே என்று அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரம்பலூர் - அரியலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும். கிழக்கே போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சிமெண்ட் லாரிகள் இரவும் பகலும் ஓடும். ஊரின் சிற்றாலயத்தில் உபதேசியார் தாத்தா ஆர்மோனியம் வாசிப்பார். எனக்கு ச ரி க ம சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அந்த ஆர்மோனியத்துக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். துருத்தியில் இரண்டு இடத்தில் ஓட்டை. மேல் ஸ்தாயியில் மூன்று கட்டைகள் ஊமை.

காலாண்டு விடுமுறையில் மாமாவுடன் திருச்சிக்குப் போனபோது ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் ஒரு பெரிய கீபோர்டின் பொத்தானை அழுத்தினார். டிரம்ஸ் முழங்கிற்று, வயலின்கள் எழுந்தன, புல்லாங்குழல் குழைந்தது. ஒரே பெட்டிக்குள் ஒரு கச்சேரி! "அறுநூறு ஒலி இருக்கும்மா. இருநூறு தாளம். நீங்க விரலை வெச்சாப் போதும், மத்ததை அதுவே பாத்துக்கும்" என்றார். விலை 38,000 ரூபாய். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு வயலும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. அந்த அறுநூறு ஒலிகளே காதில் நின்றன.

அன்றிரவு அம்மாவிடம் ஒரு கதை சொன்னேன். ஏ. ஆர். ரகுமான் ஒலிப்பதிவுக்கூடம் கட்டிய பிறகு உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லாமல் இருந்தாராம். அவருடைய தாயார் தம் நகைகளைக் கொடுத்தாராம். அப்படித்தான் முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்ததென்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். "அந்த அம்மா கொடுத்தாங்கம்மா" என்று முடித்தேன். உண்மைக் கதைதான். ஆனால் அதை நான் ஏன் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா பதில் பேசவில்லை. மறு வாரம் பள்ளி விட்டு வந்தபோது அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை. காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. அலமாரியில் மஞ்சள் பைக்குள் 38,000 ரூபாய் இருந்தது.

மறுநாள் துள்ளிக்கொண்டு எங்கள் இசை ஆசிரியையான சிஸ்டரிடம் ஓடினேன். அனைத்தையும் கேட்டுவிட்டு, "நகையை வைத்தாகிவிட்டதா?" என்றார்கள். தலையசைத்தேன். சிஸ்டர் திட்டவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். "பத்து நாள் பொறு. ஒவ்வொரு நாளும் நீ பாடும்போதும் வாசிக்கும்போதும் எது இல்லாமல் கை நின்றதோ, அதை மட்டும் இதில் எழுது. வேண்டும் என்று தோன்றியதை எழுதாதே, இல்லாமல் நின்றதை எழுது" என்றார்கள்.

முதல் நாள் பள்ளிப் பாடகர் குழுவில் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்குச் சுருதி எட்டவில்லை. ஆர்மோனியத்தில் வேறு கட்டைக்கு மாறினால் என் விரல்கள் தடுமாறின. விரல் பழகிய இடத்திலேயே வாசிக்க, சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் 'டிரான்ஸ்போஸ்' வசதி வேண்டும் என்று குறித்தேன்.

மூன்றாம் நாள் சிற்றாலயத்தில் செபமாலை நடுவே மின்சாரம் போயிற்று. ஆர்மோனியம் மட்டும் கவலையின்றிப் பாடியது. ஆகவே பேட்டரியிலும் இயங்க வேண்டும். நான்காம் நாள் இரவில் அப்பா உறங்கும்போது வாசிக்க இயலவில்லை. ஆகவே இயர்ஃபோன் செருக இடம் வேண்டும்.

ஆறாம் நாள் விடியலில் ஒரு மெட்டு தோன்றியது. பேருந்து ஏறுவதற்குள் மறந்து போயிற்று! இதற்குக் கீபோர்டு தேவையா, பதிவு செய்யும் வழி தேவையா என்று யோசித்தேன். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் எல்.எம்.எம்.எஸ்., ஆடாசிட்டி என்ற இரண்டு மென்பொருள்களை ஏற்றினேன். இரண்டுமே கட்டணமின்றிக் கிடைப்பவை. முதலாவதில் கட்டம் போட்ட தாளில் கோலப் புள்ளி வைப்பதுபோல் சுவரங்களை வைத்து, தாளத்தையும் மெட்டையும் அடுக்கலாம். இரண்டாவதில் ஒலியைப் பதிந்து, வெட்டி, ஒட்டலாம். கணினி ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கிக்கொள்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதற்கு இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலி உருக்குலையாமல் திரும்பி வரும் என்று அறிந்தேன்.

அம்மாவின் உலக்கைச் சத்தத்தையும் சிமெண்ட் லாரியின் ஹாரனையும் கைப்பேசியில் பதிந்து கணினியில் போட்டேன். உலக்கை டிரம் ஆயிற்று! கடைக்காரரின் இருநூறு தாளத்தில் எங்கள் வீட்டு உலக்கை இல்லையே என்று சிரித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் இரண்டு குறைகளைக் கண்டேன். கணினியின் எழுத்துக் கட்டைகளைத் தட்டினால் மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே அளவு ஒலிதான். ஆகவே விரலின் வேகத்தை உணரும் கட்டைகள் வேண்டும். கடையில் இதைச் 'டச் சென்சிடிவ்' என்பார்கள். அடுத்தது கமகம். கட்டை ஒரு சுவரத்தில் நிற்கிறது. நம் ராகமோ சுவரத்துக்குச் சுவரம் வழுக்கிச் செல்கிறது. ஆகவே சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று இருந்தால் நலம். 1982-இல் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் மூன்று மின்னிசைக் கருவிகளை இணைத்துப் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றில் ஒன்று சுவரங்களை வழுக்கி இணைக்க வல்லது. ராகத்துக்கு அது பொருந்தியது. அக்காலத்தில் அதிகம் பேசப்படாத அந்தத் தட்டு 2010-இல் மறுபடி வெளியாகி உலகெங்கும் புகழ் பெற்றது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கட்டையைத் தட்டியதற்கும் ஒலி வருவதற்கும் இடையே ஒரு தாமதம். கணினி ஒலியைச் சிறு சிறு கூடைகளாக அள்ளித்தான் வெளியே தருகிறது. கூடையில் 2,048 அளவுகள் என்றால் ஏறத்தாழ 46 மில்லி விநாடி தாமதம். 512 என்றால் ஏறத்தாழ 12. கூடையைச் சிறிதாக்கினேன், தாமதம் குறைந்தது. மிகவும் சிறிதாக்கினால் பழைய கணினி மூச்சு வாங்கி, ஒலி கரகரத்தது. புதுக்கணினி கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், தோழியரே!

ஒன்பதாம் நாள்தான் பெரிய பாடம். என் உலக்கைத் தாளத்தைக் கணினியில் ஓடவிட்டுச் சிற்றாலயத்துப் பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். இரண்டாம் அடியில் ஒரு சிறுமி மூச்சு வாங்க நின்றாள். அவளுக்காக எல்லாரும் நின்றனர். தாளம் நிற்கவில்லை, பாட்டை விட்டுவிட்டு ஓடிப் போயிற்று. உபதேசியார் தாத்தா கணினியை மெல்ல மூடிவிட்டு ஆர்மோனியத்தை இழுத்தார். சிறுமி மூச்சு விட்டபோது துருத்தியும் பொறுத்தது. "பெட்டி நல்லாத்தான் வாசிக்குது பாப்பா. ஆனா அதுக்குக் காது இல்லையே" என்றார்.

இசையை உருவாக்குவது வேறு, பிறருடன் சேர்ந்து வாசிப்பது வேறு என்பது அன்றுதான் விளங்கிற்று. உருவாக்குவதற்கு மென்பொருள் போதும். எத்தனை முறையும் அழித்து எழுதலாம். பாடுவோருடன் வாசிக்கும்போது விரலுக்கு உடனே கட்டுப்படும் கருவி வேண்டும். தானாக ஓடும் தாளம் அங்கே உதவாது.

பத்தாம் நாள் நோட்டைப் புரட்டினேன். அறுநூறு ஒலி என்பது ஓரிடத்தில்கூட இல்லை.

சிஸ்டர் வாசித்துவிட்டு, "ரகுமான் கதையின் முன்பாதியை வாசித்தாயா?" என்று கேட்டார்கள். வாசித்தேன். தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் இறந்தபோது ரகுமானுக்கு வயது ஒன்பது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. பதினொரு வயதிலேயே அவர் கீபோர்டு வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் உதவியோடு இசையமைத்தபோது அக்கருவிகளைக் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர். அதற்கெல்லாம் பிறகுதான் 1989-இல் சொந்த ஒலிப்பதிவுக்கூடம், 1992-இல் 'ரோஜா'. தாயார் நகை கொடுத்தபோது, அந்தக் கருவி செய்ய வேண்டிய வேலை மகனின் கையில் ஏற்கெனவே காத்திருந்தது. நான் அம்மாவுக்குச் சொன்ன கதையில் இந்தப் பத்தாண்டு உழைப்பை விட்டுவிட்டேன்.

நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன். ஓலையில் புள்ளி இடாமல் எழுதியதால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடு தெரியாமல் மயங்கின. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று ஓயாமல் எழுதிய அவர், கை தடுமாறிய அந்த இடத்தை அறிந்து எழுத்தின் வடிவைத் திருத்தினார். வேலை செய்தவருக்கே கருவியின் குறை தெரிகிறது.

அன்று மாலை விட்டுப்போன பாதியையும் அம்மாவிடம் சொன்னேன். சோளத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். "அந்த அம்மாவுக்குப் பிள்ளை வாசிக்கிறது தெரியும். நீ வாசிச்சு நான் ஒரு நாளும் கேட்டதில்லையேடி" என்றார்கள்.

தோழியரே, எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பள்ளியில் வாசிப்பேன். சிற்றாலயத்தில் பயிற்சி நடக்கும் நேரத்தில் அம்மா வயலில் இருப்பார்கள். கேட்காமலேயே தோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்! அன்றிரவு தாத்தாவின் ஓட்டை ஆர்மோனியத்தை வாங்கி வந்து திண்ணையில் அம்மாவுக்கு மட்டும் வாசித்தேன். பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. அம்மா சிரிக்கவில்லை, முடியும்வரை கேட்டார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் திருச்சிக்குப் போனோம். 61 கட்டைகள், விரலை உணரும் தன்மை, டிரான்ஸ்போஸ், வளைக்கும் சக்கரம், பேட்டரி, இயர்ஃபோன் துளை, கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. ஆகிய ஏழையும் வரிசையாகக் கேட்டேன். பல நிறுவனங்கள் சேர்ந்து 1983-இல் 'மிடி' என்ற பொது மொழியை வகுத்ததால்தான், எந்த நிறுவனத்தின் கீபோர்டும் எந்தக் கணினியோடும் இன்று பேசுகிறது. கணினியோடு பேசும் கீபோர்டுக்குத் தன்னுள்ளே அறுநூறு ஒலி தேவையில்லை. ஒலிகளைக் கணினி தந்துவிடும். ஏழும் அமைந்த சிறிய கீபோர்டு 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது. மீதி 24,000-ஐக் கட்டிச் சங்கிலியை அந்த வாரமே மீட்டோம். தோடு மட்டும் அடகிலேயே இருந்தது.

கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் தாத்தா தம் இடத்தில் என்னை அமர்த்தினார். பிள்ளைகளின் சுருதிக்கு இறக்கி, அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில் பொறுத்து வாசித்தேன். அன்று மின்சாரம் போகவேயில்லை. பேட்டரிக்கு வேலை இல்லாமல் போயிற்று! திருப்பலி முடிந்து குடிலைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடியபோது கணினியில் உலக்கைத் தாளத்தை ஓடவிட்டேன். லாரி ஹாரன் வந்ததும் ஊரே சிரித்தது. அம்மா முன் வரிசையில் காதில் வேப்பங்குச்சியோடு அமர்ந்திருந்தார்கள்.

மாசியில் சோளம் விற்றதும் அப்பா தோட்டை மீட்டு வந்தார். ஐந்து மாத வட்டி 1,050 ரூபாய். என் அவசரத்துக்கு அப்பாவின் சோளம் கொடுத்த விலை அது. நோட்டின் கடைசி வரியாக அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கைகளே! கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். கையில் இருப்பதை வைத்துப் பத்து நாள் உழையுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். அதோடு, வீட்டில் பணம் கேட்பதற்கு முன் உங்கள் அம்மாவுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி