டிரைவரின் ஒப்புகை

கே.கே. நகர் சிவன் பூங்காவில் மாலை உலாவுகையில் நண்பர் ஒருவர், யூனிக்ஸ் கெர்னலில் டிவைஸ் டிரைவரின் ஒப்புகைக்கு இத்தனை பிராதான்யம் ஏன் என வினவினார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிட்சி 1984-இல் விவரித்து, பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் இடம்பெற்ற ஸ்ட்ரீம்ஸ் அமைப்பில், ஒரு நிரல் சாதனத்துக்கு விடுக்கும் கட்டுப்பாட்டு ஆணை செய்தியாக உருக்கொண்டு இறங்கிச் செல்கையில், இடையிலுள்ள மாட்யூல்கள் தமக்கு விளங்காததைக் கீழே தள்ளிவிடலாம். அடித்தளத்து டிரைவருக்கோ அந்தச் சலுகை கிடையாது, ஏற்றோம் என்றோ மறுத்தோம் என்றோ அது விடையிறுத்தே தீரவேண்டும். அது மௌனம் சாதித்தால் ஆணையிட்ட நிரல் உறங்கியே கிடக்கும். ஒருவகை ஆணைக்கு 15 விநாடி என்ற கெடுவேனும் உண்டு, வரம்பின்றிக் காத்திருக்கச் சம்மதித்தவன் பாடுதான் பரிதாபம். (பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைக்குக் காத்திருந்தோர் இதை அறிவர்.) அதனினும் விபரீதம், ஒரு ஸ்ட்ரீமில் ஒரு சமயத்தில் ஓர் ஆணையே நடைபெற இயலுமாதலால், பின்வருவனவும் நிரபராதிகளாய் வரிசையில் நிற்கும்.

டிரைவர் எழுதும் இளைஞர்களே, புரியாத ஆணையின் நினைவகத்தை விடுவித்துவிட்டுச் சும்மா இராதீர்கள். மறுப்பையேனும் மேலே அனுப்புங்கள்.