கண்ணகி நகர்: முகவரியைச் சொன்னாலே சந்தேகமா?

"கண்ணகி நகரா? போனை பைக்குள்ள வெச்சுக்கோம்மா. இருட்டுறதுக்குள்ள திரும்பிடு!"

சென்னை துரைப்பாக்கம் சிக்னலில் ஷேர் ஆட்டோ அண்ணன் சொன்ன அட்வைஸ் இது. நானும் சட்டென்று போனை பைக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று யோசித்தபோதுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் டெஸ்க்கில் கைதுச் செய்திகளுக்குத் தலைப்பு வைப்பது என் வேலைகளில் ஒன்று. 'கண்ணகி நகர் இளைஞர் கைது' என்று நானே டைப் செய்திருக்கிறேன். ஆனால், ஒருமுறைகூட இந்த ஊருக்குள் வந்ததில்லை.

ராஜீவ் காந்தி சாலையின் மெட்ரோ வேலைகளையும் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களையும் விட்டு உள்ளே திரும்பினால், சில நிமிடங்களில் காட்சி மாறிவிடுகிறது. வரிசை வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள். கொடியில் துணிகள், வாசலில் தண்ணீர்க் குடங்கள், சந்து முனையில் மீன் கூறுகட்டி விற்கும் அம்மாக்கள்.

2000-ம் ஆண்டில் உருவான ஊர் இது. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, குடிசை மாற்று வாரியம் இங்கே குடியமர்த்தியது. இன்று கண்ணகி நகரும் அதை ஒட்டிய எழில் நகரும் சேர்ந்தால் 23,000 வீடுகளுக்கு மேல். ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் பலவும் 200 சதுர அடியைத் தொடாதவை.

ஒரு சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். கட்டடத்தின் முழு உயரத்துக்கும் ஓர் ஓவியம். 2020-ல் ஓவியர்கள் வந்து வரைந்த சுவர்கள் இவை. அதன் பிறகுதான் கேமராவோடு வெளியாட்கள் இங்கே வர ஆரம்பித்தார்களாம். "படம் பார்க்க வர்றவங்க படிக்கட்டையும் கொஞ்சம் பாருங்க" என்று சிரித்தார், எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா.

பார்த்தேன். பட்டப்பகலிலேயே இருட்டாக இருந்தது.

"பயம் எங்களுக்குத்தான்!"

"இங்க தப்பே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன்" என்று அக்காவே ஆரம்பித்தார். "கஞ்சா இருக்கு, குடிச்சிட்டு சண்டை இருக்கு. ஆனா அதுக்கு முதல்ல பயப்படுறது யாரு? வெளியில இருக்கறவங்களா? என் பொண்ணு வேலை முடிஞ்சு வர ராத்திரி ஒன்பது ஆகும். அவ வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நான் இந்தப் படிக்கட்டுலதான் உட்கார்ந்திருப்பேன்."

முன்பு இவர்கள் குடும்பம் இருந்தது அடையாற்றுக் கரையில். "அங்க குடிசைதான். ஆனா புதுசா ஒருத்தன் நுழைஞ்சா, 'யாருப்பா நீ?'ன்னு தெருவே கேட்கும். இங்க வந்தப்போ பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல இருந்து வந்தவங்க" என்றார்.

வேலை பார்த்த வீடுகளும் கடைகளும் நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. அம்மா அப்பா விடியற்காலையில் பஸ் ஏறி இரவில் திரும்பினால், இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பழைய பள்ளிக்கூடம் தூரமாகிப்போக, சில பிள்ளைகள் படிப்பையே விட்டார்கள். தவறான ஆட்கள் நுழைய இதைவிடப் பெரிய வாசல் வேண்டுமா?

அக்காவின் மகளிடமும் பேசினேன். வேலைக்கான விண்ணப்பத்தில் அவர் கொடுப்பது 'துரைப்பாக்கம்' என்ற முகவரி. "முதல் இன்டர்வியூல கண்ணகி நகர்னு சொன்னேன். 'சொல்லி அனுப்புறோம்'னாங்க. இன்னும் சொல்லி அனுப்பலை" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. அதில் வரும் 'குற்ற விகிதம்' என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்ற கணக்கு. மாநிலங்களுக்கும் பெருநகரங்களுக்கும் இந்த விகிதம் உண்டு. ஒவ்வொரு நகருக்கும் தெருவுக்கும் கிடையாது. ஆக, 'அந்த ஏரியாவில் குற்றம் அதிகம்' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் எந்தப் பட்டியலையும் பார்த்துச் சொல்வதில்லை.

இன்னொன்று, வழக்கு எங்கே குற்றம் நடந்ததோ அந்த இடத்தின் கணக்கில்தான் சேரும். குற்றவாளி எங்கே குடியிருக்கிறார் என்பது அதில் வராது. நம் தலைப்புகளில் மட்டும் வரும்! பங்களா வீட்டுப் பிள்ளை சிக்கினால் 'வாலிபர் கைது'. இங்கிருந்து ஒருவர் சிக்கினால் ஊர்ப் பெயரும் சேர்ந்தே கைதாகிறது.

எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. புகார் கொடுக்கப் பயந்தாலும் எண்ணிக்கை குறையும். அதனால் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிவு செய்யலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலேயே இது இடம்பெற்றிருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கபடி... கபடி...

மாலையில் அந்தச் சத்தம்தான் என்னை இழுத்தது. பெண் பிள்ளைகள் கபடிப் பயிற்சியில் இருந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணை கேப்டன் கார்த்திகா, இந்த ஊர்ப் பெண். அவரைப் பாராட்டிய செய்திகளில் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே வந்தது. அப்போது யாரும் 'துரைப்பாக்கம்' என்று மாற்றிப் போடவில்லை.

சுற்றிலும் அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக இருட்டியும் அந்த இடத்தில் எனக்குப் பயமே வரவில்லை. விளக்கு எரிந்தது, ஆட்கள் இருந்தார்கள், பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. நூறு மீட்டர் தள்ளி, விளக்கில்லாத படிக்கட்டைக் கடந்தபோது பயந்தேன். ஊர் ஒன்றுதான்.

சிலப்பதிகாரக் கண்ணகியின் கணவன் மீது விழுந்தது திருட்டுப் பழி. விசாரிக்காமலேயே தண்டனையும் கிடைத்தது. அவள் பெயரைச் சுமக்கும் ஊருக்கும் அதே கதைதானா என்று யோசித்தபடி கிளம்பினேன்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன் இரு" என்று கூடவே நடந்துவந்தார் இட்லிக் கடை அக்கா. பஸ் வரும்வரை நின்றார்.

மறுநாள் டெஸ்க்கில் ஒரு செயின் பறிப்புச் செய்தி வந்தது. கைதானவரின் முகவரி கண்ணகி நகர். தலைப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வெளியிட்டேன்.

செய்தியில் எதுவும் குறையவில்லை.