தாழ்வாரத்து விசையுந்து

துரு என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் ஈற்றில் நிற்பது குற்றியலுகரம் அன்று, முற்றியலுகரமே என்று மாணவர்களுக்கு நாம் பல்லாண்டுகள் விளக்கியிருக்கிறோம். ஈற்று உகரம் வல்லின மெய்யின்மேல் ஊர்ந்து வரவில்லை என்பது காரணம். ஆனால் அந்தத் துரு இரும்பின்மேல் எவ்வாறு ஊர்ந்து வரும் என்பதை நாம் கண்ணாரக் கண்டு கற்றது 2019ஆம் ஆண்டில்தான். கற்பித்தவர் திருச்சிராப்பள்ளியில் பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு முதியவர். அவரை எல்லாரும் பாய் என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

எம் தந்தையார் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றியவர். லால்குடி, முசிறிப் பக்கத்துச் சிற்றூர்களே அவருடைய பணிக்களம். 1978ஆம் ஆண்டில் சேமநல நிதியிலிருந்து கடன் பெற்றுப் புல்லட் ஒன்று வாங்கினார். பசு கன்று ஈனமாட்டாமல் தவிக்கிறது என்று நள்ளிரவில் ஆள் வந்து நின்றால், மருந்துப் பெட்டியைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு அந்நேரமே புறப்பட்டுவிடுவார். விடியற்காலையில் வாய்க்கால் பாலத்தின்மேல் அவ்வண்டியின் ஓசை கேட்கும்போதே அன்னையார் வெந்நீர் அடுப்பை மூட்டுவார். வண்டி வாசலுக்கு வரும்போது நீர் காய்ந்திருக்கும்.

அவ்வோசைக்குக் காரணம் உண்டு. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய அதன் ஒற்றைச் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவோ 90 மில்லிமீட்டர். விட்டத்தினும் வீச்சு நெடிது. ஆதலின் எஞ்சின் விரைந்து படபடப்பதில்லை. நின்று நிதானமாக அடித்து ஒலிக்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டியைச் சென்னையில் செய்வதற்காக 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. முதலில் அங்கிருந்து பாகங்களை வரவழைத்துப் பொருத்தினர். பின்னர்த் திருவொற்றியூர் ஆலையிலேயே யாவற்றையும் செய்யத் தொடங்கினர். 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாயிற்று. தாய்வீட்டில் தொழில் நின்றுபோனபின் மகள் வீட்டிலிருந்து சீர் சென்றது போன்ற நிகழ்ச்சி அது! தந்தையார் இதனைச் சொல்லும்போதெல்லாம் தாமே கப்பலில் ஏற்றி அனுப்பியவரைப் போல முகம் மலர்வார்.

2008ஆம் ஆண்டில் அவருடைய வலது முழங்கால் கிக்கரை மிதிக்க மறுத்தது. வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு எம்மை அழைத்தார். "தம்பி, வாரத்துக்கு ஒரு தடவை கிக்கரை அழுத்தி எஞ்சினைச் சுத்தி விடு. சென்டர் ஸ்டாண்டிலேயே நிக்கட்டும். சைலன்சர் வாயைத் துணி வச்சு மூடிடு. மழைக்காலத்துல ஈரம் உள்ளே போயிடும்" என்றார். "சரிப்பா" என்று தலையாட்டினோம்.

இரண்டு வாரம் செய்தோமா, மூன்று வாரம் செய்தோமா என்பது நினைவில் இல்லை. விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாறியது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சொல்வதற்குக் காரணங்களா இல்லை? சைலன்சரின் வாய் திறந்தே கிடந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களுக்கு இடம் வேண்டி வண்டியை நகர்த்திய நாமே, 160 கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையைத் திரும்பத் தூக்கி நிறுத்தச் சோம்பி, பக்கத் தாங்கியில் சுவரோரமாகச் சாய்த்துவிட்டோம். தந்தையார் அதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

2013இல் அவர் மறைந்தார். அதன்பின் அவ்வண்டி நனைந்த குடைகளும் கொசுவலைகளும் காயப்போடும் கொடியாயிற்று. 2019இல் தாழ்வாரத்தின் ஓட்டைப் பிரித்துத் தளம் போட முற்பட்டபோது பழைய இரும்பு வாங்குபவர் வந்து பார்த்து 4,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நாம் உடன்பட்டோம். மறைப்பானேன், உடனே உடன்பட்டோம். சாவியைக் கேட்க அன்னையாரிடம் சென்றபோது, அவர் தம் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, அலமாரிச் சாவிக்கும் அரிசியறைச் சாவிக்கும் நடுவிலிருந்து அதனை எடுத்தார். பதினோராண்டுகள் உடன் வைத்திருந்த சாவி துளியும் துருவேறாமல் பளபளத்தது. அதை எம்மிடம் நீட்டவும் இல்லை. தரமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இரும்புக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

பாயின் பட்டறைக்கு வண்டியைச் சிறு சரக்குந்தில் ஏற்றிச் சென்றோம். விசையுந்து என்று நாம் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். "புல்லட்டுன்னே சொல்லுங்க சார், அதுக்குக் காது கேக்கும்" என்றார். கிக்கரின்மேல் ஏறி நின்றும் அது அசையவில்லை. "பிஸ்டன் பிடிச்சிருச்சு" என்றார். உருக்கிப் பூட்டியதுபோல் ஓர் உறுப்பு இறுகிப் போவதைப் பிடித்தல் என்னும் எளிய வினையால் அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கலைச்சொல் ஆக்குவோர் பட்டறைகளுக்கும் சென்று வரலாம்.

வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் ஈரம் புகுந்தால் உள்சுவரில் துரு படரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து மிதித்தால் வளையம் முறிந்து சுவரைக் கீறும் என்று பாய் விளக்கினார். பதினொரு மழைக்காலங்கள்! சிலிண்டரையே மாற்ற நேரலாம் என்று அஞ்சினோம். முதலில் சைலன்சரைக் கழற்றினார். அதன் அடிப்பாகம் அரித்துப் போயிருந்தது. வாயிலோ குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருந்தது. எம்மிடம் ஒப்படைத்த பணியை ஒரு குளவி முடித்திருந்ததைக் கண்டு பட்டறைப் பையன்கள் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.

அடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றியபோது பாயின் கை நின்றது. அதன் வாயில் எண்ணெயில் தோய்த்த துணிச்சுருள் ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. பிரித்தால், நீலக்கரை போட்ட வேட்டியின் கிழிசல். உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை, முன்பே வடித்திருந்தார்கள். டாங்கியின் உட்புறத்தில் விளக்கடித்துப் பார்த்தார். அதுவும் வடிக்கப்பட்டு எண்ணெய் பூசப்பட்டிருந்தது. தலைப்பகுதியைத் திறந்தார். பிஸ்டன் உச்சியில் நின்றது. அதன்மேல் தேன்நிறத்தில் உறைந்த எண்ணெய்ப் படலம்.

"யாரோ விவரமா செஞ்சிருக்காங்க சார். பிளக்கைக் கழட்டி ஆயில் ஊத்தி, சுத்தி விட்டு, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற எடத்துல பிஸ்டனைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. ஈரம் எந்தப் பக்கமும் உள்ளே போகாது. பிடிச்சது துரு இல்லை, ஆயில்தான் காய்ஞ்சு கூழாயிருக்கு" என்றார். பிறகு துணியைக் கையில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "யாரும் கிக்கரை மிதிக்கப் போறதில்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் எம்மைக் குத்திக்காட்டவில்லை. அவருக்கு எம் கதை தெரியாது.

அன்று மாலை அன்னையாரைக் கேட்டோம். நாம் கல்லூரிக்குச் சென்றிருந்த ஒரு நண்பகலில் தந்தையார் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி எண்ணெய் வாங்கிவரச் செய்தாராம். முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கிக்கரைக் கையாலேயே அழுத்தி அழுத்தி வெகுநேரம் ஏதோ செய்துகொண்டிருந்தாராம். "உனக்கு வேலை அதிகம், அவன்கிட்டச் சொல்லாதேன்னார்" என்றார் அன்னையார்.

டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டனர். நான்காம் நாள் மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தபோது பிஸ்டன் ஓர் இழை நகர்ந்தது, பிறகு இசைந்தது. அவர் காத்தவை அனைத்தும் பிழைத்தன. எம்மிடம் ஒப்படைத்தவை பிழைக்கவில்லை. பக்கத் தாங்கியில் நின்றதால் தரையோடு அழுந்திய டயர்கள் வெடித்திருந்தன. எலிகள் மின்கம்பிகளைக் கடித்திருந்தன. கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சக்கரக் கம்பிகளில் பாதியை மாற்ற நேர்ந்தது. எஞ்சினின் அடிப்பகுதியைத் திறந்தபோது கருஞ்சேறு போன்ற எண்ணெய் வழிந்தது. இவ்வண்டியில் எண்ணெய் அறை எஞ்சினோடு சேர்ந்தே அமைந்தது. நெடுநாள் நின்றால் எண்ணெய் பம்பு வழியே கசிந்து அடியில் தேங்கிவிடும். அதை வடிக்காமல் கிளப்பலாகாது என்பதும் அன்று கற்ற பாடம்.

சில பாகங்களுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்குச் சென்றுவந்தோம். எழும்பூரில் இறங்கி நடக்கும் தொலைவுதான். அங்குள்ள கடைகளில் பெயர் சொன்னால் தரமாட்டார்கள். பழைய பாகத்தைக் காட்டினால் தருவார்கள். பையில் துருப்பிடித்த உறுப்புகளைச் சுமந்துகொண்டு கடைகடையாக ஏறி இறங்கிய எம்மைக் கண்டால் எம் மாணவர்கள் அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள். செலவு மொத்தம் 31,000 ரூபாய். இரும்புக்காரர் சொன்ன விலை அவ்வப்போது நினைவுக்கு வராமலில்லை.

கிளப்பும் முறையைப் பாய் கற்றுத் தந்தார். சாவியைத் திருகியபின் கிக்கர் தடைபடும் வரை மெல்ல அழுத்தவேண்டும். அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடமே பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். டிகம்பிரஷன் லீவரை இழுத்து அதனைச் சற்றே தாண்டவிட்டு, லீவரை விட்டு, பிறகு முழுவலிமையோடு மிதிக்கவேண்டும். உச்சியைத் தாண்டுமுன் மிதித்தால் கிக்கர் எதிர்த்தடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். தந்தையார் முக்காலியில் அமர்ந்து கையால் தேடியதும் ஏறத்தாழ இந்த இடத்தைத்தான். பதினேழாம் மிதியில் எஞ்சின் புகை கக்கி ஒலித்தது.

ஓட்டியது வேறு கதை. இவ்வண்டிக்குக் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதற்கியர் மேலே, மற்றவை கீழே. இக்கால வண்டிகளில் பழகிய எம் வலக்கால், குறுக்கே வந்த ஆட்டைக் கண்டதும் பிரேக் என்று எண்ணிக் கியரை அழுத்திற்று. ஆடு பிழைத்தது, எம் முழங்கை தேய்ந்தது. காலாவதியான பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்டி, தாமதக் கட்டணமும் பசுமை வரியும் செலுத்தினோம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அன்னையார் வெளியே வரவில்லை. உள்ளே சென்று பார்த்தபோது, எரிவாயு அடுப்பில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, மகள் வீட்டில் இரண்டு திங்கள் தங்கிவர நேர்ந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கல்லூரியில் பயிலும் மகனை அழைத்து, வாரம் ஒருமுறை கிக்கரை மிதிக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டை எடுக்கலாகாது, சைலன்சர் வாயை மூடிவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னோம். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிப்பா" என்று தலையாட்டினான். மறுநாள் நண்பகல் அவன் கல்லூரிக்குச் சென்றிருந்த வேளையில் எண்ணெய் வாங்கி வந்தோம். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளக்கைக் கழற்றினோம்.