ஆண்டவர்தான் பேசினார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

1/ நைட் டியூட்டி. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, வாந்தி, மூச்சிரைப்போட வந்தாங்க. சுகர் 480. யூரின்ல கீட்டோன். இன்சுலினை நிறுத்தி அஞ்சு நாளாச்சாம்.
"ஏம்மா நிறுத்தினீங்க?"
"ஆண்டவர் சொன்னார் சார், இனிமே ஊசி வேண்டாம்னு."
(அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ சிரிச்சுட்டுப் போக மனசு வரலை மக்களே. நானும் கிறிஸ்தவன். தினமும் கே.கே. நகர் வீட்டுல ஜெபம் பண்ணிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். அந்த அம்மா பொய் சொல்லலை. ஆனா அது யாரோட குரல்?

3/ ஐடா ஸ்கடர் கதை தெரியுமா? 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷனரி டாக்டர். அந்த வாழ்க்கையே வேண்டாம்னு இருந்த ஐடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்திருந்தார்.

ஒரே ராத்திரியில் மூணு பேர் கதவைத் தட்டினாங்க. மூணு பேரோட மனைவியும் பிரசவ வலியில். ஆண் டாக்டர் தொடக்கூடாது, நீங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. ஐடா டாக்டர் இல்லையே! விடிஞ்சப்போ மூணு பெண்களும் இறந்திருந்தாங்க.

4/ வானத்துலேர்ந்து எந்தச் சத்தமும் வரலை. கதவு தட்டின சத்தம்தான். அதையே கடவுளோட அழைப்பா எடுத்துக்கிட்டார். 1899ல் மருத்துவப் பட்டம், 1918ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னிக்கு சிஎம்சி.

ராத்திரி மூணு மணிக்கு சிஸ்டர் கதவைத் தட்டினா எனக்கு முதல்ல வர்றது எரிச்சல்தான். உண்மையைச் சொல்லணும்ல.

5/ பைபிள்ல சிறுவன் சாமுவேலுக்கும் குரல் கேட்டது. ஏலிதான் கூப்பிடுறார்னு மூணு தடவை ஓடினான். பெரியவர் ஏலி எடுத்துச் சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிஞ்சது.

6/ நம்ம திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜை நடத்துறது இயேசு சபை. அதை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1521ல் போரில் கால் உடைஞ்சு படுத்திருந்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனிச்சு, பிறகு வெறுமையாச்சு. புனிதர்களைப் பத்தின நினைப்போ முடிஞ்ச பிறகும் நிம்மதியா நின்னுச்சு. அந்த வித்தியாசத்தைக் கவனிச்சார்.

7/ நான் பார்க்கிறது இவ்வளவுதான்:
• இயேசு காட்டின அன்போட ஒத்துப்போகுதா?
• பயமுறுத்தி அவசரப்படுத்துதா? அப்போ பொறுங்க.
• விவரமான இன்னொருத்தர்கிட்ட சொல்ல முடியுதா?
• நான் ஏற்கெனவே ஆசைப்பட்டதையே திருப்பிச் சொல்லுதா?

8/ டாக்டரா ஒண்ணு. உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி குரல் கேட்டா, உடனே மனநல மருத்துவரைப் பாருங்க. டெலி மானஸ் 14416, இலவசம். அது விசுவாசக் குறைவு இல்லை, வைத்தியம் பண்ண வேண்டிய விஷயம்.

9/ மூணாம் நாள் அந்த அம்மா தெளிஞ்சாங்க. "பாஸ்டர்கிட்ட கேட்டீங்களாம்மா?"
ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "கேட்டா ஊசி போடச் சொல்லிடுவாரோன்னு கேக்கலை சார். மருமக தினமும் சலிச்சுக்கிறா. எனக்குப் போட்டுக்கத் தெரியாது."

அன்னிக்கே சிஸ்டர் கத்துக்கொடுத்தாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு, தானே போட்டுக்கிட்டாங்க.


அரசு மருத்துவர், திருச்சி