காற்று ஒழுகிய இடம்

மஞ்சள் வெட்டு முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை வெள்ளாமை இல்லை, சாக்ஸபோன்.

கதிரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டுவிட்டு நானும் ஊதுவேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாண பேண்டில் ஊதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பழைய ஆல்டோ சாக்ஸ் ஒன்றை 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். மேல் சுரமெல்லாம் நன்றாக வந்தது. கீழே இறங்கினால் கரகரவென்று உடைந்துபோகும். ஆறு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மூச்சுப் பிடிச்சு ஊதறதுக்கு மனசு வேணும் அம்மிணி" என்று கத்திவிட்டேன். பேசாமல் பெட்டியை மூடிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. சக்‌ஷன் பைப் ஜாயிண்டில் காற்று இழுத்திருக்கிறது. அதைச் சரி பண்ணும்போதுதான் பொறி தட்டியது. சாக்ஸிலும் எங்கேயாவது காற்று போகுதோ?

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பேட்டரி சீரியல் லைட்டைக் குழலுக்குள் விட்டு, ஒவ்வொரு கீயாக மெதுவாக அமுக்கிப் பார்த்தோம். சரியாக மூடினால் வெளிச்சம் தெரியாது. மேல்பக்கத்துப் பேடு ஒன்றில் நகக்கீறல் போல வெளிச்சம்! கீழ் சுரத்துக்கு ஏறக்குறைய எல்லா ஓட்டையும் மூடியிருக்கணும். மேலே ஒன்று ஒழுகினாலும் போச்சு. அந்த ஓட்டை திறந்தே இருக்கிற மேல் சுரங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பேடு மூடிக்குள் அரக்கில்தான் ஒட்டியிருந்தது. மூடியின் முதுகில் லைட்டரை விட்டு விட்டுக் காட்டி, அரக்கு இளகியதும் பேடைச் சமமாக அமர்த்தி, ஆறும்வரை லேசாக அமுக்கிப் பிடித்தேன். மூன்றாவது தடவையில் வெளிச்சம் மறைந்தது. பக்கத்துப் பேடில் சூடு படக்கூடாதுங்க.

மற்றதெல்லாம் சின்ன வேலைதான். ஊதி முடித்ததும் பருத்தித் துணியில் கயிறு கட்டி உள்ளே இழுத்து ஈரத்தை எடுத்துவிடணும். பேடுக்கு ஈரம்தான் எமன். ஒட்டுகிற பேடுக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து மூடி, மெதுவாக உருவணும். கீ தண்டு சேருமிடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், பேடில் படாமல். கழுத்துக் கார்க் தளர்ந்தால், புதுசு போடும்வரை பைப்புக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப் போதும். எபனைட் ஊதுவாயை வெந்நீரில் கழுவாதீர்கள், நிறம் மாறிவிடும். தண்டு வளைந்திருந்தால் மட்டும் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

பரணிலிருந்து இறங்கிய சாக்ஸை அன்றே ஊதினாள். கீழ் சுரம் கம்மென்று நின்றது.

"தப்பு உம்மேல இல்ல கண்ணு" என்றேன்.

"ஆறு மாசம் கழிச்சாப்பா?" என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை. தண்ணீர் ஏறாவிட்டால் நான் கிணற்றைத் திட்டுவதில்லை, பைப்பைத்தான் பார்ப்பேன். பெற்ற பிள்ளைக்கு அந்த நிதானம் இல்லாமல் போச்சுங்க.