இலை கொட்டினால் தண்ணீரைக் கூட்டாதீர்கள்

வீட்டுக்குள் வைத்த ஃபைகஸ் இலை கொட்டுகிறது என்று யார் வந்து சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்பேன். இடத்தை மாற்றினீர்களா? கொட்ட ஆரம்பித்ததும் தண்ணீரைக் கூட்டினீர்களா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். முதலாவதைச் செடி தாங்கிவிடும். இரண்டாவதுதான் அதைக் கொல்லும்.

நர்சரிகளில் ஃபைகஸ் என்று விற்கும் பெஞ்சமினா செடி ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாவற்றுக்கும் நெருங்கிய சொந்தம். குற்றாலநாதர் கோயிலின் தலமரமான குறும்பலாவுக்குக்கூட தூரத்து உறவு. கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும். கோயில் கோபுரத்தையே பிளக்கிற இனம் தொட்டிக்குள் அடங்குமா என்று கேட்பார்கள். எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் பனைமரத்தின் மட்டை இடுக்கைப் பார்த்தால் பதில் தெரியும். பறவை எச்சத்தோடு விழுந்த ஆலவிதை, கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் வேர்பிடித்து நிற்கும். கொஞ்ச மண்ணில் பிழைக்கத் தெரிந்த இனம் என்பதால்தான் தொட்டிக்கும் ஒத்துவருகிறது.

அதற்கு ஒத்துவராதது வெளிச்சம் திடீரென்று குறைவது. வெயிலில் வளர்ந்த இலை தடிப்பாக இருக்கும். வீட்டுக்குள் கிடைக்கிற வெளிச்சத்தில் அந்த இலையை வைத்துக் காப்பாற்றச் செடிக்குக் கட்டுபடியாகாது. அதை உதிர்த்துவிட்டு, நிழலுக்குத் தோதான மெல்லிய இலையாகப் புதிதாக விடும். 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அப்போப்கா ஆய்வு நிலையத்தில் கோனோவர், பூல் இருவரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். முன்கூட்டியே நிழலில் பழக்கிய செடிகள் வீட்டுக்குள் போனதும் குறைவாகவே இலை கொட்டின. அதனால் வாங்கிவந்த செடியை நேரே ஹாலுக்குக் கொண்டுபோகமாட்டேன். சில வாரம் திண்ணையில், பிறகு திண்ணையை அடுத்த தார்சாவில், கடைசியில் கிழக்கு ஜன்னலோரம். அங்கே வைத்தபின் நகர்த்துவதில்லை.

இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். வாடுகிறதே என்று ஊற்ற ஊற்ற, மண் ஈரம் காயாமல் வேர் அழுகும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவேன். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். ஐப்பசி மழையில் பிடித்துவைத்த தண்ணீரை நிறைய விட்டு மண்ணை அலசினால் அது சரியாகும்.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது எங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். அந்த நாட்களில் செடிப்பக்க ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். கண்ணாடி வழியே வெளிச்சம் வந்தால் போதும். இலையில் பிசுபிசுப்போ, தண்டில் எறும்பு வரிசையோ தெரிந்தால் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ வந்திருக்கிறது என்று அர்த்தம். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, இலையின் அடிப்பக்கம்வரை துடைக்க வேண்டும்.

மொட்டையாகிவிட்ட செடியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிளை நுனியில் கூர்மையான மொட்டு ஒன்று இருக்கும். மெல்லிய உறை அதைச் சுற்றி மூடியிருக்கும். அது விறைப்பாக, பச்சையாக இருக்கிறதா பாருங்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து, பால் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. பால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள், சிலருக்கு அரிக்கும். நாள் போகப்போக அந்த உறை பிரிந்து உதிரும். சுருண்டிருந்த இலை வெளிர்பச்சையில், மினுமினுப்பாக விரியும். வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்திலேயே பிறந்த இலை அது, சுலபத்தில் கொட்டாது.

நாலைந்து கிளைகளில் அப்படித் துளிர் கண்டபிறகு தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஒரு கை மண்புழு உரம் போடுங்கள். அதுவரை செடி கேட்பது வெளிச்சமும் அதே இடமும்தான்.