கடையும் காவலும் ஒரே கையில்

நார்வேயில் ஒரு பாட்டில் ஒயின் வேண்டுமென்றாலும் அரசாங்கத்தின் கடைக்குத்தான் போகவேண்டும். 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் மளிகைக்கடையில் விற்கக்கூடாது. ‘வின்மொனோபோலே’ என்ற அரசு நிறுவனம் 1922 முதல் அந்த வேலையைச் செய்கிறது. ஊரார் அதைச் சுருக்கி ‘போலே’ என்பார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பூட்டிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. மது விளம்பரம் 1975-இலிருந்தே கிடையாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவனுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அரசு சரக்கு விற்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். எனக்குப் புதிதாக இருந்தது, இதை வைத்து இங்கே நடக்கும் கட்சிச் சண்டை. முன்னேற்றக் கட்சிக்காரர்கள், வளர்ந்த மனிதன் எங்கே எப்போது ஒயின் வாங்குவான் என்பதை அரசு ஏன் முடிவு செய்யவேண்டும் என்பார்கள். கிறிஸ்தவ மக்கள் கட்சி மதுவிலக்கு இயக்கத்தின் மடியில் வளர்ந்தது, போலேயைத் தொடவிடாது. தொழிற்சங்கப் பக்கமிருந்து இன்னொரு வாதம் வரும்: தனியார் கையில் கொடுத்தால் லாபத்துக்காகக் குடிக்கவைப்பான், அரசு விற்றால் அந்த ஆசை இருக்காது.

இந்தக் கடைசி வாதத்தை அலுவலக மதிய உணவு மேசையில் ஒரு நண்பர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் இருக்கிறது. 2023-24-இல் அதன்மூலம் அரசுக்கு வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆசை அரசுக்கு வராது என்று நார்வேக்காரர் நம்பலாம், நான் எப்படி நம்புவது?

2024 ஜூன் 18, 19 தேதிகளில் எங்கள் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நடந்தது தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் அதில் உண்டு. பெரும்பாலும் தலித் மக்கள், மூட்டை தூக்கியும் கூலிக்குப் போயும் பிழைத்தவர்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததை நான் கைபேசியில் பார்த்தேன். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெரு அது. அரசு அங்கே இல்லை என்று யாராலும் சொல்லமுடியாது. கடையாக இருந்தது, ரெய்டாக இருந்தது, பிறகு பத்து லட்ச ரூபாய் நிவாரணமாகவும் வந்தது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய ‘சுதந்திரம் குறித்து’ நூலை நார்வேக்கு வந்தபிறகுதான் படித்தேன். பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவனை அவன் போக்கில் விடு என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மதுவிலக்கை அவர் காட்டமாக எதிர்த்தார். (அதே மனிதர் அதற்கு முந்தைய ஆண்டுவரை கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளம் வாங்கினார், இந்தச் சுதந்திரம் ‘பின்தங்கிய’ சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலில் எழுதியும் வைத்தார். நம்மைத்தான் சொல்கிறார்.) ஆனால் அதே நூலில் விஷம் விற்பதைப் பற்றி ஓர் இடம் வருகிறது. பாட்டிலின் மேல் ‘விஷம்’ என்று எழுதச்சொல்வது சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாது, தான் வாங்குவது விஷமா என்று தெரிந்துகொள்ள விரும்பாதவன் இருக்கமுடியாது என்கிறார். கருணாபுரத்தில் பாக்கெட்டைப் பிரித்தவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைத்ததை. டாஸ்மாக்கில் குவார்ட்டர் 140 ரூபாயைத் தொட்டிருந்த நேரம் அது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. தடுப்பதற்குச் சட்டம் இருந்தது, 1937-ஆம் வருடத்துச் சட்டம்.

நார்வேயிலும் விலை கொள்ளைதான். அதனால் சனிக்கிழமைகளில் எல்லையோர ஊர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு சுவீடன் போய் வாங்கிவருகிறார்கள். நம் ஊரில் கார் உள்ளவர் புதுச்சேரி போவார். இல்லாதவருக்கு, எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலை ஊறலோ, அதன் பேரில் தெருவுக்கு வரும் வேறு எதுவோ. மெத்தனால் நார்வேயையும் விடவில்லை. 2002-க்குப் பிறகு கடத்திவந்த சாராயத்தால் இங்கும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் ஆஸ்லோ மருத்துவர்கள் மெத்தனால் சிகிச்சை பற்றிப் பல நாடுகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த ஊறல் வரும் கல்வராயன் மலையைப் பற்றி இங்குள்ளவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. 1947-இல் நாடு சுதந்திரம் அடைந்தபிறகும் அந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அது அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல். அதாவது நெருக்கடி நிலையின்போது! பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மிசா சிறையுமாக இருந்த வருடத்தில் மலையாளிப் பழங்குடிகளுக்கு ஜாகிர் ஒழிந்தது. அரசு சுருங்கினால் சுதந்திரம் தானாக விரியும் என்பவர்களை நான் அந்த மலைக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். அரசு வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களையும் அதே வண்டியில் ஏற்றலாம். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலைமக்களின் சாலையையும் மருத்துவமனையையும் விசாரிக்கவேண்டியிருந்தது.

இரண்டு நாட்டிலும் கடை அரசுடையது, விலை அதிகம், கள்ளச்சரக்கும் உண்டு. நான் கண்ட பெரிய வித்தியாசம் வேறு. நார்வே 1919-இல் கடுஞ்சாராயத்தைத் தடைசெய்யலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஐந்தில் மூன்று பங்குக்குமேல் ஆம் என்றார்கள். கடத்தல் பெருகியது. 1926-இல் மறுபடி கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள், அடுத்த வருடமே தடை போனது. தமிழ்நாட்டில் 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் கருணாநிதி விலக்கினார், 1974-இல் அவரே திரும்பக் கொண்டுவந்தார், 1981-இல் எம்.ஜி.ஆர். மீண்டும் திறந்தார். இத்தனை திருப்பத்திலும் இதை மட்டும் தனியாக மக்கள்முன் வைத்து ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஊர் ஊராகக் கடையை மூடச்சொல்லிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததுதான் நமக்குத் தெரிந்த வாக்கெடுப்பு.

கருணாபுரத்தில் சாவு விழுந்த அதே மாதக் கடைசியில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது: கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை, குறைந்தது பத்து லட்ச ரூபாய் அபராதம். நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதற்கு முன்பே, அக்டோபர் 2-ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டில் பெண்கள் திரண்டார்கள்.

ஊரிலிருக்கும் என் சித்தியிடம் வாக்கெடுப்பு வந்தால் எப்படிப் போடுவீர்கள் என்று போனில் கேட்டேன். “எல்லாத்தையும் மூடணும்டா” என்றார். மூடினால் பாக்கெட் இன்னும் அதிகமாக வருமே சித்தி என்றேன். “கடை தொறந்திருந்தப்பவே வந்துச்சேடா?” என்று கேட்டார். நான் எதிர்த்து வாக்களிப்பேன், அவர் ஆதரித்து வாக்களிப்பார். அவர் கட்சி ஜெயித்தாலும் எனக்கு வருத்தமில்லை. கேட்காமலே முடிவெடுப்பதைவிட அது மேல்.